எண்ணெய் வண்டியும் பதினெட்டுக் குடமும்

மெத்தனால் வாங்கப் போன இடத்தில் பொன்னுரங்கத்தைச் சாராயம் காய்ச்சுகிறவன் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

தங்கசாலைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடை. "அஞ்சு லிட்டர் மெத்தனாலு குடு நைனா" என்று அவர் கேட்ட குரல், பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஏட்டின் காதில் விழுந்தது. ஏட்டு பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எதுக்குய்யா மெத்தனாலு?"

"குடிக்கத்தான் சார்."

ஏட்டின் மீசை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உயர்ந்தது.

"ஐயோ, நான் குடிக்க இல்ல சார்! வூட்ல ஒண்ணு கீது. அது குடிக்கும். கொஞ்சம் வெளக்கெண்ணெ கலந்து குட்தோம்னா, சும்மா கிர்ர்ர்னு கத்திகினு தெருவெல்லாம் ஓடும் சார்."

"ஓடுமா? அப்புறம்?"

"அப்புறம் பொக பொகயா வுடும்."

ஏட்டு இவரை முழுதாக ஒருமுறை பார்த்தார். நாற்பத்தெட்டு வயது, முழங்கை வரை வார்னிஷ் கறை, சட்டைப் பையில் செம்புக் கம்பித் துண்டு. "ஏறு ஜீப்புல" என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்து தோஸ்து அத்தாவுல்லா வந்துதான் மீட்டார். குடிக்கிற 'அது' ஒரு பொம்மைக் கார், முழத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம், ரிமோட்டில் ஓடும், அதே மாதிரி தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்டேஷனே சிரித்தது. ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி மெத்தனாலுன்னு வாயைத் திறந்த, வண்டியோட சேத்து உள்ள வெச்சுடுவேன்" என்றார்.

அந்தக் கார் பொன்னுரங்கத்திடம் வந்தது ஒரு கொரியாக் கப்பலால். தண்டையார்பேட்டையில் அவருக்கு, எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. பாரம் இழுக்கும் ஹார்பர் விஞ்சு, லாஞ்சு விஞ்சு, சரக்குத் தூக்கும் மோட்டார் எது எரிந்தாலும் அவரிடம்தான் வரும். நங்கூரம் இழுக்கும் மோட்டாரை ஒரே நாளில் சரி செய்து கொடுத்ததில் குளிர்ந்துபோன கப்பல் எலக்ட்ரீஷியன், கிளம்பும்போது இந்தக் காரையும் ஒரு பாட்டில் எண்ணெயையும் கையில் திணித்துவிட்டுப் போனான். எண்ணெய் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்தது. அதுபோல எண்ணெய் இந்த ஊரில் கிடைக்காது, மெத்தனால் வாங்கி நாமே கலந்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் ஜீப்பில் ஏற நேர்ந்தது.

எண்ணெய் இல்லாவிட்டால் போகிறது, பொம்மைதானே என்று விட்டிருப்பார். விட முடியாததற்குக் காரணம் தண்ணீர்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து ஜூன். ஏரிகள் வறண்டு தெருக் குழாய்கள் காற்று ஊதிக்கொண்டிருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி லாரி வரும். அதுவும் சந்துக்குள் நுழையாது, முனையில் நின்றுவிடும். முனையிலிருந்து பொன்னுரங்கத்தின் வீடு நூற்றிருபது அடி எடுத்து வைக்கிற தூரம். போன மாதம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றென்று குடத்தோடு வந்த மலிகா சகதியில் வழுக்கி உட்கார்ந்தாள். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, மூன்று மாதம் குடத்தைத் தொடக்கூடாது, தொட்டால் அப்புறம் படுத்த படுக்கைதான் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். பொன்னுரங்கத்துக்கோ போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன். அவருக்கும் பாரம் தூக்கக்கூடாது என்று சீட்டு இருந்தது. பெண்ணைக் காத்திவாக்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் ஆட்கள் இருவர், ஆளுக்கொரு டாக்டர் சீட்டு, தூக்க நாதியில்லாமல் எட்டுக் குடம்.

பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பாள். அதற்கு மேல் அவளாலும் முடியாது. பொன்னுரங்கம் அரைக் குடம் அரைக் குடமாகச் சுமந்து பார்த்தார். நாலாவது நடைக்குத் திரும்பியபோது மலிகா இடுப்புக் கச்சையோடு முனை வரை வந்து, குடத்தின் கழுத்தில் கை வைத்திருந்தாள்.

"தொடாதமே!" என்று அவர் போட்ட சத்தத்தில் லாரி டிரைவரே இறங்கி வந்தான்.

"அப்ப நீ தூக்குயா. ரெண்டு பேரும் சீட்ட நெத்தியில ஒட்டிகினு குந்திகினா குளிக்கிறது எப்டி, பொங்கறது எப்டி? நாளான்னிக்கும் இதே கதின்னா நானே தூக்குவேன். டாக்டரா வந்து எங்கூட்ல சோறு பொங்குவாரு?"

சொன்னால் செய்வாள். இருபத்தாறு வருஷத்துப் பழக்கத்தில் பொன்னுரங்கத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து திரும்புகிற வழியில் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடையில் அத்தாவுல்லா இரண்டு தட்டு சொன்னார். அவருடைய மீன்பாடி வண்டி பக்கத்தில் நின்றது. மூன்று சக்கரம், முன்னால் பலகைத் தட்டு, பின்னால் பழைய ஸ்கூட்டர் எஞ்சின். பர்மா பஜார் சரக்கெல்லாம் அதில்தான் போகும். பத்துக் குடத்தை அது ஒரே நடையில் சந்துக்குள் கொண்டு போய்விடும் என்று பொன்னுரங்கத்தின் கண் கணக்குப் போட்டது.

"பாய், ஒரு மாசம் தண்ணி மட்டும் வண்டில கொணாந்து குடேன். மலிகா முதுகு..."

"தெரியும் மாமு. ஆனா உனக்கு ஒரு நட அட்சேன்னு வெச்சுக்கோ, நாளிக்கே தெருவே எவ்வண்டி முன்னால கொடத்தோட நிக்கும். பஜார் பொயப்பு இன்னா ஆவறது?" அத்தாவுல்லா வறுத்த வெங்காயத்தைப் பிசிறிப் போட்டுக்கொண்டு யோசித்தார். "ஒண்ணு செய்லாம். பந்தயத்துல தோத்து அட்சா எவனும் கேக்கமாட்டான். ஞாயித்துக்கெழம உங்காரு, எங்காரு. முனையிலேர்ந்து உன் வூட்டு வாசலு, திருப்பி முனை. நீ கெலிச்சா ஒரு மாசம் தண்ணி என்னுது."

"நீ கெலிச்சா?"

"அந்த எண்ணெ வண்டிய எனக்குக் குட்துடணும். எனக்கு ரெண்டு இருந்தா ஸோக்கா இருக்கும்."

"எண்ணெக்கு நான் எங்க போவேன்? கப்பல்காரங்கிட்ட வாங்கின நாலு டப்பா உங்கிட்ட கீதுல்ல, ஒண்ணு குடேன்."

"தோஸ்துதான். ஆனா அவ்ளோ தோஸ்து கெடையாது" என்று அத்தாவுல்லா முட்டையைப் பிளந்து வாயில் போட்டுக்கொண்டார்.

மலிகாவிடம் வந்து சொன்னார். அவள் வலிக்குச் சுடுதண்ணிப் பையை முதுகில் வைத்துக்கொண்டு மத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எண்ணெயே இல்லாம எப்டிய்யா ஓட்டுவ?"

"கரண்டுல."

"கரண்டே ராவும் பகலும் பூடுது."

"பேட்டரிலமே! இருபத்தாறு வருசமா மோட்டாரு கட்றேன். ஒரு பொம்மைக்குக் கட்ட மாட்டேனா?"

அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை ஆரம்பித்தது. காரின் வயிற்றிலிருந்து எலுமிச்சம்பழ அளவு எஞ்சின் வெளியே வந்தது. பிறகு எண்ணெய் டேங்க், புகைக் குழல், ஸ்பிரிங்கு, நட்டு. எதுவும் தொலையக்கூடாது என்று எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்த ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார்.

"யோவ், அது என் மொளகாத்தூள் டப்பா!"

"தூளத்தான் பேப்பர்ல கொட்டிட்டனே."

"கொயம்பு வெக்க எஞ்சினப் போடட்டுமா?"

எஞ்சின் இருந்த இடத்துக்கு ஒரு மோட்டார் வேண்டும். கப்பல் ஸ்கிராப்பில் வந்த ஜப்பான் துளை போடும் மிஷின் ஒன்று கடை மூலையில் கிடந்தது. பேட்டரியில் ஓடுவது, காயில் எரிந்து போனது. அதைப் பிரித்தார். மோட்டாரின் மூக்கில் பல்சக்கரங்கள் நிறைந்த ஒரு சின்ன டப்பா ஒட்டியிருந்தது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கான டப்பா. வேறு யாராயிருந்தாலும் பந்தயக் காருக்கு அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பொன்னுரங்கம் அதைத் துடைத்து, கிரீஸ் வைத்து, கண்ணில் ஒற்றாத குறையாக அப்படியே வைத்துக்கொண்டார். அதோடு விடவில்லை. பழைய காயிலை வெட்டியெடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்து, "இன்னா இவ்ளோ கம்மியா சுத்திகிறான்?" என்று ஜப்பான்காரனுக்காக வருத்தப்பட்டார். மெல்லிசுக் கம்பியாக எடுத்து, ஒன்றரை மடங்கு சுற்றினார். அவர் கைக்குத் தெரிந்தது விஞ்சு ஒன்றுதான். சுற்று ஏற ஏற இழுவை ஏறும். இழுக்காத மோட்டார் என்ன மோட்டார்?

"முப்பத்தொம்போது, நாப்பது, நாப்பத்தொண்ணு..."

"ஆறிப் போவுது பாரு, வடகறி இருக்கு, நாஷ்டா துன்றியா?"

"நாப்பத்... ஏமே! எண்ணிகினு கீறன்ல!"

"நாப்பத்தொண்ணுல உட்ட. எடு."

எரிபொருள் டேங்க் இருந்த இடத்தில் எமர்ஜென்சி லைட் பேட்டரி இரண்டு. எஞ்சினுக்குக் காற்று கூட்டிக் குறைத்த சின்னக் கை இப்போது ஆட்டோ ஹாரன் சுவிட்ச் ஒன்றை அமுக்கியது. ரிமோட்டை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கடையில் எந்த மோட்டாருக்கும் அவர் வைக்கிற பரீட்சை ஒன்றுதான். சுழல்கிற தண்டைச் சாக்குத் துணியால் பிடித்துப் பார்ப்பார். கைக்கு அடங்கினால் பெயில். காரைத் தலைகீழாகப் பிடித்து சக்கரத்தைப் பற்றினார். சாக்கு சுருண்டு, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

"பாஸு!" என்று கத்தினார், விரலைச் சப்பிக்கொண்டே.

தரையில் விட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை நினைத்தார். சனிக்கிழமை பூராவும் கரண்ட் இல்லை. பேட்டரி ஏறி முடிந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

ஞாயிறு ஏழரை மணிக்கே எண்ணூர்ப் பக்கச் சாம்பல் கலந்த வெயில். சந்து முனையில், லாரி நிற்கிற இடத்தில், குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மனுஷர் நிற்க வேண்டியதில்லை. அவரவர் குடம் நின்றால் அவரவர் நின்றதாக அர்த்தம். நடுவில் எவளாவது தன் குடத்தைச் செருகிவிடக் கூடாதென்று சிலுவையம்மாள் தன் பக்கத்து ஆறு வீட்டுக் குடங்கள் பதினெட்டின் கழுத்தையும் ஒரே நைலான் கயிற்றால் சுற்றிக் கோத்து, நுனியை விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தாள். மலிகாவின் குடங்களும் அதில் அடக்கம்.

அத்தாவுல்லா தன் காரைக் கையில் ஏந்தி, மாப்பிள்ளையை அழைத்து வருகிற தோரணையில் வந்தார். பொன்னுரங்கத்தின் காரைக் குனிந்து பார்த்தார். மேலே துருத்திக்கொண்டிருந்த பேட்டரியைத் தட்டினார்.

"இன்னா மாமு இது? இது எண்ணெ வண்டியே இல்லியே. எமர்ஜென்சி லைட்டுக்குச் சக்கரம் மாட்டிகினு வந்துகிற?"

தெரு சிரித்தது.

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு பாய்" என்றார் பொன்னுரங்கம்.

சிலுவையம்மாள் புடவைத் தலைப்பை வீசினாள். அத்தாவுல்லாவின் கார் வீறிட்டது. நீலப் புகை, ஒரு நாயின் அலறல், சந்துக் கோடியில் ஒரு திருப்பம், மறுபடி வீறிடல். அரை நிமிஷத்தில் அது முனைக்குத் திரும்பி அவர் காலடியில் நின்று பெருமூச்சு விட்டது.

பொன்னுரங்கத்தின் கார் புறப்பட்ட இடத்திலிருந்து ஒன்பதாவது குடம் வரை வந்திருந்தது.

சத்தமே இல்லை. நாலு சக்கரமும் ஒழுங்காக, மரியாதையாக, பூப்போட்டுக்கொண்டு போகிற ஊர்வலம் மாதிரி உருண்டன.

"பொன்னு, ஓடுதா, இல்ல நிழலு நவுருதா?" என்றாள் சிலுவையம்மாள்.

"யோவ், முன்னால ஒரு ஆளு சங்கு ஊதிகினு போங்கய்யா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அத்தாவுல்லா பன் பட்டர் வாங்கித் தின்று, டீ குடித்து, பீடியும் பற்ற வைத்துவிட்டார். பொன்னுரங்கம் ரிமோட்டை விட்டுவிட்டார். கார் கடைசிக் குடத்தின் பக்கத்தில் நின்றது. அவருக்குப் பந்தயம் ஞாபகமில்லை. குடத்தின் கழுத்தில் கை வைத்து நின்ற மலிகாதான் ஞாபகத்தில் இருந்தாள்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. ஒன்பது மணிக்கு வர வேண்டிய லாரி எட்டுக்கே வந்துவிட்டது.

அடுத்த நொடி பந்தயமாவது காராவது! மொத்தத் தெருவும் லாரியின் பின்பக்கம் பாய்ந்தது. சிலுவையம்மாள் கம்பத்து முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை வீசினாள். பின்வீட்டுக்காரி ஒருத்தி நீலக் குடத்தோடு முன்னால் நுழைவது கண்ணில் பட்டுவிட்டது. "ஏ, ராங்கு பண்ணாத!" என்று அவள் தலைமயிரைத் தேடிக்கொண்டு ஓடினாள். வீசிய கயிறு காரின் முதுகில், மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்திருந்த றெக்கையில் விழுந்து மாட்டியது.

பொன்னுரங்கம் அதைக் கவனிக்கவில்லை. கூட்டத்தில் கார் மிதிபடக்கூடாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும், இந்த இரண்டு எண்ணம்தான். ரிமோட்டை அழுத்தினார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கார் பின்னால் வந்தது. லாரி எஞ்சின் சத்தம், சண்டைச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். வேறொன்றும் காதில் ஏறவில்லை.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மலிகா எழுந்து நின்றாள். டாக்டர் அதையும் சட்டென்று செய்யக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.

"யோவ்... இன்னாய்யா இது?"

"தோத்துட்டேன் மலிகா. கௌம்பற எடத்துலயே தோத்துட்டேன். வண்டிய பாய்க்குக் குட்துடணும்."

"அத்த உடு. பின்னால பாருய்யா."

திரும்பிப் பார்த்தார். கார். காருக்குப் பின்னால் ஒரு பச்சைக் குடம். அதன் பின்னால் சிவப்பு, மஞ்சள், மறுபடி பச்சை. பதினெட்டுக் குடமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சந்து நீளத்துக்கு வால் மாதிரி வந்து நின்றன.

முனையிலிருந்து சிலுவையம்மாளின் குரல் சந்தைக் கிழித்தது.

"கொடத்தக் காணோம்! பதினெட்டுக் கொடத்தையும் எவளோ வலிச்சிகினு பூட்டா!"

கார் போன வேகத்துக்கு அவள் நடந்தே வந்து பிடித்திருக்கலாம். குழாய்ச் சண்டையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் ஆறு வீட்டுப் பெண்களோடு வந்து சேர்ந்தபோது மலிகா சண்டைக்கு நிற்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிலுவையக்கா, அப்புறம் ஏசு. மொதல்ல ஒரு கொடத்த நெறச்சிகினு வா."

"இன்னாத்துக்குடி?"

"கொண்டாயேன்."

உள்ளே போய் காஸ் சிலிண்டர் வைக்கிற, மூலையில் சும்மா கிடந்த சக்கர வளையத்தைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். நிறைந்த குடம் அதில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. கயிற்றைக் கட்டினாள். "அமுக்குய்யா."

பொன்னுரங்கம் அமுக்கினார். கார் ஒரு விநாடி யோசித்தது. பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. அப்புறம் முன்பு போன அதே வேகத்தில், ஒரு நூல் கூடாமல் குறையாமல், குடத்தை இழுத்துக்கொண்டு போனது.

"யேசுவே!" என்றாள் சிலுவையம்மாள். "எங்கூட்லயும் சிலிண்டர் சக்கரம் கீதுடி."

ஒன்றன் பின் ஒன்றாய் மூன்று வளையம், மூன்று நிறைந்த குடம். கட்டினார்கள். இழுத்தது. லாரி போவதற்குள் எல்லாக் குடத்தையும் நிரப்பி முனையில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரை முனைக்கும் சந்துக்கும் ஏழு நடை. பேட்டரி சூடானபோது பொன்னுரங்கம் விசிறியால் விசிறினார். நிரப்பி ஏற்றியதும் இறக்கியதும் பெண்கள். மலிகா குடத்தில் விரல்கூட வைக்கவில்லை. வீட்டுக்குள் எட்டுக் குடமும் வரிசையாக நின்றன.

நடுவில் பஜாருக்குப் போயிருந்த அத்தாவுல்லா அப்போதுதான் திரும்பி வந்தார். கையை நீட்டினார்.

"மாமு, பந்தயம் பந்தயம்தான். வண்டிய எடு."

பொன்னுரங்கம் காரைத் தூக்கினார். சொன்ன சொல் மாறுகிற ஆளில்லை அவர். கை மட்டும் நீளவில்லை.

"ஒரு நிமிசம் பாய்" என்றாள் மலிகா. "பந்தயத்துல நீ இன்னா கேட்ட?"

"வண்டியத்தான்."

"எந்த வண்டி? தெளிவா சொல்லு."

"எண்ணெ வண்டி."

"காலைல இத்தப் பாத்து இன்னா சொன்ன?"

அத்தாவுல்லா பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இது எண்ணெ வண்டியே இல்ல, எமர்ஜென்சி லைட்டுக்குச் சக்கரம்னு நீதானே சொன்ன?" என்று சிலுவையம்மாள் எடுத்துக் கொடுத்தாள். "தெருவே சாட்சி."

"அது... சும்மா கலாய்ச்சி..."

மலிகா உள்ளே போய் மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்து அவர் நீட்டிய கையில் வைத்தாள். "எஞ்சினு, டேங்கு, பொகக் கொயலு, நட்டு போல்ட்டு எல்லாம் கீது. எண்ணெ வண்டி மொத்தமும் இதான். எடுத்துகினு போ. டப்பாவ மட்டும் திருப்பிக் குட்துடு."

அத்தாவுல்லா மூடியைத் திறந்து பார்த்தார். தும்மினார். மறுபடி தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடங்களையும் காரையும் மலிகாவின் இடுப்புக் கச்சையையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"மாமு, பந்தயத்துல உன்ன ஜெயிச்சுட்டேன். உன் வூட்டம்மாகிட்ட மாட்டிகினேன். ஒரு சாமான் வீம்புக்காவது வாங்கிக்கிறேன், எஞ்சினு ஸ்பேருக்கு ஆவும்" என்று டப்பாவோடு போனார்.

அதற்குப் பிறகு லாரி வருகிற நாளெல்லாம் சந்தில் அதே காட்சி. மலிகா ஸ்டூலில் உட்கார்ந்து ரிமோட்டை மடியில் வைத்திருப்பாள். அதை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, பொன்னுரங்கத்திடமும்தான். அவர் கையில் ஒரு குச்சியோடு காருக்கு முன்னால் நாய் விரட்டிக்கொண்டு நடப்பார். ஒரு முறை அதே ஏட்டு சைக்கிளில் எதிரே வந்தார். காரைப் பார்த்தார். "குடிக்குதா?" என்றார். "உட்டுட்டுது சார்" என்றார் பொன்னுரங்கம்.

ஆனாலும் தோற்றது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, மலிகா நல்ல மூடில் சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்த மத்தியானம், பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மலிகா, தப்பு எங்கன்னு கண்டுபிட்சுட்டேன். அந்த பல்சக்கர டப்பாவக் கயட்டிட்டு, காயில பாதியாக் கொறச்சுட்டா, பாய் வண்டியத் தூக்கி சாப்டும். ஒரே ஒரு நாளு குடு. மறுபடி சுத்திடறேன்."

மலிகா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சுத்தறதுதான் சுத்தற, இன்னும் ஒரு இருவது சுத்து சேத்தே சுத்துய்யா. இப்பவே வேகம் ஜாஸ்தி. கொடம் தளும்புது."